ஆன்லைன் பாலியல் தொல்லை: பிளாக் பட்டனை அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

என் சித்தி மகளின் படத்தை எடுத்து ஆபாசமாக மார்பிங் செய்து, அவள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி ஒருவன் பரப்பினான். புகார், ஸ்டேஷன், வக்கீல் என்று அவளோடு அலைந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சட்டம் இருக்கிறது, புகாருக்கு இணையதளம் இருக்கிறது, தனிப் போலீஸ் பிரிவே இருக்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பதற்றத்தில் முதலில் பிளாக் செய்கிறோம், பிறகு எல்லாவற்றையும் அழிக்கிறோம், பல நாள் கழித்துத்தான் போலீஸ் நினைவுக்கு வருகிறது. அதற்குள் கையில் சாட்சியம் எதுவும் மிஞ்சியிருக்காது.

"போட்டோ போட்டதால்தானே வந்தது" என்று அறிவுரை சொல்ல வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று கிடைத்தாலே இன்று மார்பிங் செய்துவிடுகிறார்கள். கீழே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. சட்டப் பிரிவுகள் இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான்.

1. எதையும் அழிக்காதீர்கள்

ஆபாச மெசேஜ் வந்தவுடன் கை பிளாக் பட்டனுக்குத்தான் போகும். பத்து நிமிடம் பொறுங்கள். முதலில் இவற்றைச் சேர்த்துவையுங்கள்:

அந்தக் கணக்கின் புரொஃபைல் பக்கத்தைத் திறந்து, அதன் முழு இணைப்பையும் நகலெடுத்து ஓரிடத்தில் ஒட்டி வையுங்கள். பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாது. இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் பயனர் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். நாளை அதே பெயரில் வேறு ஒருவர்கூட இருக்கலாம். ஆபாசப் பதிவு இருந்தால் அந்தப் பதிவின் இணைப்பையும் தனியாக எடுங்கள். போலீஸ் அந்த நிறுவனத்துக்கு எழுதும்போது கேட்கப்போவது இந்த இணைப்புகளைத்தான்.

ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவரின் பெயரும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராம் உரையாடலை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு மெசேஜின் நேரமும் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள், உங்கள் பதில்களை மறைக்காதீர்கள். "மாற்றப்பட்ட படம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல அது ஒன்று போதும். நீங்கள் கோபத்தில் திட்டியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

ஸ்கிரீன் ரெக்கார்டிங் இதைவிட நல்லது. ஆப்பைத் திறப்பதில் தொடங்கி, அவனுடைய புரொஃபைலுக்குப் போய், உரையாடலை மேலிருந்து கீழ்வரை நகர்த்துவது வரை ஒரே பதிவாக எடுங்கள்.

சில இடங்களில் நேரம் மிகக் குறைவு. டெலிகிராமில் எதிராளி நினைத்தால் முழு உரையாடலையும் இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும். இன்ஸ்டாகிராமில் அனுப்பிய மெசேஜைத் திரும்பப் பெற்றால் உங்களிடமும் இருக்காது. ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படத்தை வாட்ஸ்ஆப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. அதைத் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் இன்னொரு போனைக் கேமராவோடு தயாராக வைத்துக்கொண்டு படம் பிடியுங்கள்.

வாட்ஸ்ஆப் உரையாடலை மெனுவில் உள்ள ஏற்றுமதி வசதி மூலம் கோப்பாக எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளலாம். அங்கே ஒரு பொறியும் இருக்கிறது. ரிப்போர்ட் கொடுக்கும்போது, பிளாக் செய்து உரையாடலையும் அழிக்கும் தேர்வு கூடவே வரும். அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் புகார் கொடுத்த கையோடு உங்கள் சாட்சியமும் போய்விடும்.

எடுத்ததையெல்லாம் கேபிள் வழியாகக் கணினிக்கோ பென் டிரைவுக்கோ மாற்றுங்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, கோப்பில் இருந்த தகவல்களும் போய்விடும். மெசேஜ் வந்த போனை ரீசெட் செய்யவோ விற்கவோ கூடாது. 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால்தான் இது சுலபம்.

2. படத்தை நீக்க வையுங்கள்

சாட்சியம் பத்திரமான பிறகு ரிப்போர்ட், அதன்பின் பிளாக். ரிப்போர்ட் கொடுக்கும்போது காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். "பிடிக்கவில்லை", "ஸ்பேம்" போன்றவற்றை அழுத்தினால் அது குப்பையில் சேரும். நிர்வாணம், சம்மதமின்றிப் பகிர்ந்த அந்தரங்கப் படம், ஆள்மாறாட்டம் ஆகிய மூன்றில் எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

பலருக்கும் தெரியாத அடுத்த படி, அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுவது. இந்தியாவில் இயங்கும் பெரிய சமூக ஊடகங்கள் எல்லாம் இப்படி ஓர் அதிகாரியை நியமித்து, தொடர்பு முகவரியைத் தங்கள் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படம், பாலியல் செயல், மார்பிங் செய்த படம், ஆள்மாறாட்டம் ஆகியவை குறித்துப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. மின்னஞ்சலில் "விதி 3(2)(பி)யின் கீழ்ப் புகார்" என்று தலைப்பிட்டு, இணைப்புகளை வரிசையாகக் கொடுத்து, "இந்தப் படத்தில் இருப்பது நான், இதைப் பகிர நான் சம்மதிக்கவில்லை" என்று ஒரே வரியில் எழுதுங்கள். உருக்கமான கடிதம் வேண்டாம்.

பதில் திருப்தியில்லை என்றால் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 2023இல் செயல்படத் தொடங்கியது. அந்த அதிகாரியின் பதில் கிடைத்த 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது.

அந்தரங்கப் படம் இன்னும் பரவவில்லை, பரப்பப்போவதாக மிரட்டல் மட்டும்தான் என்றால் "ஸ்டாப் என்சிஐஐ" என்ற தளம் உதவும். உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண்முத்திரை (ஹாஷ்) உருவாகும். படம் எங்கும் போகாது, முத்திரை மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட பங்கேற்பு நிறுவனங்கள் அதே படம் மேலேற்றப்பட்டால் அடையாளம் கண்டு தடுக்கும். பதிவு செய்ததும் ஒரு வழக்கு எண்ணும் பின் (PIN) எண்ணும் தருவார்கள். பின் எண் தொலைந்தால் மீட்க வழியில்லை, தாளில் எழுதி வையுங்கள். வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் படத்தை இது தடுக்காது. கூகுள் தேடலில் படம் வந்தால், அதை நீக்கக் கோரும் படிவம் கூகுளிலேயே தனியாக இருக்கிறது. அதுவும் இலவசம்.

"ஒரே நாளில் எல்லாத் தளத்திலிருந்தும் நீக்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் "எத்திகல் ஹேக்கர்கள்" தேடலில் முதல் வரியிலேயே வருவார்கள். அவர்களிடம் அந்தப் படத்தையே அனுப்பச் சொல்வார்கள். வேண்டாம்.

3. பணம் கேட்டு மிரட்டினால்

இது பெண்களுக்கு மட்டும் நடப்பதில்லை. தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப் வீடியோ கால் வரும், எதிரே ஒரு நிர்வாண வீடியோ ஓடும், உங்கள் முகமும் அதில் சேர்ந்து பதிவாகும். சற்று நேரத்தில் உங்கள் நண்பர்கள் பட்டியலோடு மிரட்டல் வரும். அதற்கடுத்து "டெல்லி சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர்" பேசுவார். உங்கள் மீது வழக்குப் பதிவாகிவிட்டது, வீடியோவை நீக்க இவருக்குப் பணம் அனுப்பு என்பார். இருவரும் ஒரே கும்பல். உண்மையான போலீஸ் எதுவும் வீடியோ நீக்கக் கட்டணம் வாங்காது.

பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பியவரின் எண்ணை அவர்கள் விடுவதேயில்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க முயல்வார்கள். பரிவர்த்தனை எண், யுபிஐ முகவரி, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியலை மறையுங்கள். நெருங்கிய இரண்டு மூன்று பேரிடம் "இப்படி ஒன்று வரலாம், திறக்காமல் எனக்குச் சொல்லுங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். மிரட்டலின் பாதி பலம் அதோடு போய்விடும்.

ஆண்கள் "எனக்கு எந்தச் சட்டம்" என்று தயங்குகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகளும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பணம் பறித்தலுக்கான 308ஆம் பிரிவும் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை.

4. தேசிய இணையதளத்தில் புகார்

முகவரி: சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் இரண்டு வழி. பெயர் சொல்லாமல் புகார் செய்வது ஒன்று, பதிவு செய்துகொண்டு தொடர்ந்து கவனிப்பது மற்றொன்று. பாதிக்கப்பட்டது நீங்கள் என்றால் இரண்டாவதையே எடுங்கள். பெயரில்லாப் புகாரில் நிலவரம் பார்க்க முடியாது, உங்களைத் தொடர்புகொள்ளவும் முடியாது. வேறு யாருடைய படமோ பரவுவதைப் பார்த்தீர்கள் என்றால் முதல் வழி சரி.

விவரத்தை முன்கூட்டியே ஒரு கோப்பில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தளம், கணக்கின் இணைப்பு, என்ன அனுப்பினான், யார் மீதாவது சந்தேகமா என்ற வரிசையில் எழுதினால் போதும். அந்தப் பெட்டி சிறப்புக் குறிகளை ஏற்காமல் முரண்டு பிடிக்கும், எளிய வாக்கியங்களாக எழுதுங்கள். முடித்ததும் ஒப்புகை எண் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். ஒப்புகை எண் எஃப்.ஐ.ஆர். ஆகாது. புகார் உங்கள் மாநிலப் போலீசுக்கு அனுப்பப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருக்காமல் அடுத்த வேலைநாளே நேரில் போவது உத்தமம்.

5. ஸ்டேஷனுக்குப் போகும் முன் கோப்பு தயார்

தமிழ்நாட்டில் மாவட்டங்களிலும் மாநகரக் காவல் ஆணையரகங்களிலும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போகலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஆளைத் தெரியும், கூடவே நேரிலும் பின்தொடர்கிறான் என்றால் மகளிர் நிலையம் வசதி. ஆளே தெரியாது, கணக்கு மட்டும்தான் தெரியும் என்றால் சைபர் கிரைம் நிலையம்.

கோப்பில் இருக்க வேண்டியவை: கையெழுத்திட்ட புகார் மனு இரண்டு பிரதி, ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை நகல், தேதி வரிசையில் எண் போட்ட ஸ்கிரீன்ஷாட் அச்சு, இணைப்புகளின் பட்டியல், எல்லாவற்றின் மூலக் கோப்பும் உள்ள பென் டிரைவ், இணையதள ஒப்புகை எண், குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிய மின்னஞ்சலின் நகல். ஆபாசப் படங்களை அச்செடுக்கக் கடைக்குப் போக வேண்டாம். அவற்றைப் பென் டிரைவில் மட்டும் வைத்து, மனுவில் "இணைப்பு எண் 4, பென் டிரைவில் உள்ளது" என்று குறிப்பிட்டால் போதும். கடைக்காரரின் கணினியில் உங்கள் படம் தங்குவது இரண்டாவது தொல்லை.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆள் தெரியவில்லை என்றால் "பெயர் தெரியாத நபர்" என்று எழுதலாம், கண்டுபிடிப்பது போலீசின் வேலை. சட்டப் பிரிவுகளை நீங்கள் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தெரிந்துவைத்திருந்தால் பேச்சு மாறுகிறது என்பதை நேரில் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு ஆபாசப் பேச்சு, விருப்பமில்லாமல் ஆபாசப் படம் காட்டுவது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் வரும். அந்தரங்கப் படம் எடுப்பதும் பரப்புவதும் 77, இணையத்தில் பின்தொடர்வது 78. அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ. பாலியல் காட்சிகளைப் பரப்புவது 67ஏ, முதல்முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு.

"நீங்களே அனுப்பிய படம்தானே" என்று யாராவது சொன்னால் 77ஆம் பிரிவின் விளக்கத்தைச் சொல்லுங்கள். எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம். சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

6. ஸ்டேஷனில் காதில் விழும் பதில்கள்

"இது எங்கள் எல்லை இல்லை." எல்லை எதுவானாலும் புகாரைப் பெற வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். மின்னணு வழியில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

"சி.எஸ்.ஆர். போட்டுத் தருகிறோம்." வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு வீடு திரும்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள். அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, முடிந்த மறுநாள் போய் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

"பையனைக் கூப்பிட்டு எழுதி வாங்கிவிடுகிறோம், குடும்ப மானம் என்ன ஆகும்." இதைச் சொல்பவர் நல்லெண்ணத்தில்கூடச் சொல்லலாம். நாங்கள் போன ஒரு நிலையத்தில் ரைட்டர் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். முடிவு உங்களுடையது. ஆனால் எழுதி வாங்கிய தாள், அவன் வேறு எண்ணில் மறுபடி தொடங்கினால் எதையும் தடுக்காது என்பது என் கருத்து.

75, 77, 78 போன்ற பிரிவுகளில் புகார் தரும் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் போலீஸ் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். விசாரணைக்கு என்று ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நிலைய அதிகாரி புகாரையே மறுத்தால், மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபாலில் அனுப்புங்கள். சென்னை போன்ற மாநகரம் என்றால் ஆணையரகத்துக்கு. ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம், அப்போது இந்த ரசீதுதான் முதல் ஆவணம்.

போனைச் சாட்சியமாகக் கேட்பார்கள். கொடுக்க நேர்ந்தால் எந்த மாடல், ஐஎம்இஐ எண் என்ன என்று எழுதிய பறிமுதல் மகஜரின் (பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் ஆவணம்) நகல் வாங்காமல் கொடுக்காதீர்கள். தடயவியல் ஆய்வுக்குப் போன போன் மாதக்கணக்கில் திரும்பாது. சிம் கார்டு, வங்கி ஆப், ஓடிபி எல்லாவற்றையும் முன்கூட்டியே வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தக் காலகட்டத்தில் அவன் பெயரையும் படத்தையும் போட்டு உங்கள் பக்கத்தில் அம்பலப்படுத்தும் ஆசை வரும். நியாயமான ஆசைதான். ஆனால் அவன் கணக்கை மூடிவிட்டு, அவதூறு என்று எதிர்ப்புகார் கொடுக்க அது வழிசெய்யும். எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு வக்கீலிடம் கேட்டு முடிவெடுங்கள்.

7. வயது பதினெட்டுக்குள் என்றால்

வழி வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வந்துவிடுகிறது. குற்றம் தெரிந்த பெரியவர்கள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாதது குற்றம். குழந்தையின் ஆபாசப் படத்தைச் சாட்சியம் என்று நினைத்துக்கூட மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் அனுப்பாதீர்கள், அதுவும் குற்றமாகிவிடும். படம் வந்த போனை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். படம் பரவாமல் தடுக்க, ஸ்டாப் என்சிஐஐ போலவே சிறார்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற தளம் இருக்கிறது.

8. கணக்கைப் பூட்டுவது

இதை முதலில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றலாம். பெரும்பாலானோர் பிரச்சினை வந்த பிறகே இப்படி ஒன்றைப் படிக்கிறார்கள், அதனால்தான் இங்கே வைத்தேன். பிளாக் செய்யும்போது இன்ஸ்டாகிராம் "அவர் தொடங்கும் புதிய கணக்குகளையும்" என்று ஒரு தேர்வு தரும், அதையே எடுங்கள். இன்ஸ்டாகிராமின் மறைசொற்கள் (ஹிடன் வேர்ட்ஸ்) பகுதியில் தமிழ்க் கெட்ட வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் நீங்களே சேர்க்க வேண்டும். தானாக வரும் பட்டியல் நம் ஊர் வசவுகளுக்குப் போதாது. வாட்ஸ்ஆப்பில் புரொஃபைல் படமும் குழுவில் சேர்க்கும் உரிமையும் "என் தொடர்புகள்" என்று இருக்கட்டும், தெரியாத அழைப்புகளை மௌனமாக்கும் வசதியையும் இயக்குங்கள். ஃபேஸ்புக்கில் புரொஃபைல் பூட்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். பழைய காதலனுக்கோ தோழிக்கோ பாஸ்வேர்ட் தெரியுமா என்பதையும் யோசியுங்கள்.

9. செலவும் காலமும்

இணையதளப் புகார், எஃப்.ஐ.ஆர்., மேல்முறையீடு எதற்கும் பணம் கிடையாது. அச்சு, பென் டிரைவ், தபால், போக்குவரத்து ஆகியவைதான் செலவு. வக்கீல் வைத்தால் அது தனி. ஆனால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 1987ஆம் ஆண்டின் சட்டம் தரும் உரிமை அது. 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைத்தாலோ, நீதிமன்ற வளாகத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போனாலோ போதும்.

காலத்தைப் பொறுத்தவரை மனத்தில் வைக்க வேண்டிய கெடு 180 நாள். நீக்கிய பதிவையும், மூடிய கணக்கின் பதிவு விவரத்தையும் விசாரணைக்காக நிறுவனங்கள் அவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டினால் ஐ.பி. முகவரி கிடைக்கும் என்று நம்ப முடியாது. எனவே "தேர்வு முடியட்டும்", "தங்கை கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். தொல்லை தருபவர் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் என்றால் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைப் போலீஸ் புகாரோடு சேர்த்தே செய்யலாம்.

எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை. தெரிவிக்கவில்லை என்றால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கிடையே தூக்கம் கெட்டு, யாரிடமும் பேச முடியாத இரவுகள் வரும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உடனடி ஆபத்து என்றால் 112, பெண்களுக்கான உதவிக்கு 181. இந்த எண்களைப் பாதிக்கப்பட்டவரின் போனில் மட்டும் பதிந்தால் போதாது, கூட அலையப்போகிறவரின் போனிலும் பதிந்து வையுங்கள்.